கொகாலு கேட்கும் தூரம்

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி மலைப்பாதையில் ஏறி, கொடுங்கரைப் பள்ளத்தைத் தாண்டினால் கேரளம் வந்துவிடும். பலகைகளில் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் இருளர், அந்தப் பக்கமும் இருளர். மாநில எல்லைகளை வரைந்தவர்கள் இவர்களைக் கேட்டு வரையவில்லை.

அந்தப் பக்கம் இருப்பது அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. மேற்கே போகும் கேரள ஆறுகளுக்கு நடுவில், கிழக்கே தமிழ்நாட்டைப் பார்த்து ஓடும் பவானி இதன் வழியாகத்தான் வருகிறது. இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள். இருளர் பேசுவது தமிழுக்கு மிக நெருங்கிய உறவுள்ள ஒரு மொழி. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் ஸ்வெலபில் 1973 முதல் அதைப் பற்றி நூல் வரிசையே எழுதினார். நம் காது கொஞ்சம் பழகினால் பாதி புரியும். புரியாத பாதிதான் அழகு.

இங்கே ஓர் இசைக்குழு என்றால் அடிப்படையில் நாலு கருவி. ஊதுவதற்குக் கொகாலு. அடிப்பதற்குப் பொறையும் தவிலும். தட்டுவதற்கு ஜால்ரா. இவற்றோடு பாடும் குரல்கள், சுற்றி வந்து ஆடும் கால்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலிருந்தே இந்த அமைப்புத்தான். மைக் வந்த பிறகும் கருவிகளின் எண்ணிக்கை பெருகிவிடவில்லை. இத்தனை சின்னக் குழு, திறந்த வெளியில், ஒரு மலைச்சரிவையே நிறைப்பது எப்படி? அதே சின்னக் குழு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே இருக்கும்போது என்ன நடக்கிறது? முதல் கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லும். இரண்டாவதற்கு விடை மனித மூளையில் இருக்கிறது, கொஞ்சம் விசித்திரமான விடை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பொறை ஒலிக்கிறது. பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி அதே வலுவோடு அடித்தால் ஓசை இரட்டிப்பாகும் என்றுதான் தோன்றும். ஆகாது. காற்றில் பாயும் ஆற்றல் இரட்டிப்பாகும், உண்மை. டெசிபெல் அளவில் அது வெறும் 3 கூடுதல். காது 'இது இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு ஒன்றுக்குப் பதில் பத்துப் பொறை வேண்டும். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கு மேற்பட்ட கலைஞர்கள் நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவு ஓசை எழுப்புவதாக வைத்துக்கொண்டால், ஒருவருக்கும் இருநூறு பேருக்கும் இடையே காது உணரும் வித்தியாசம் சுமார் ஐந்து மடங்குதான். பூரத்தின் பிரமாண்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு வகை இன்பம். ஓசை எட்டவேண்டும் என்பதற்காக ஆள் சேர்க்கத் தேவையில்லை என்பதே விஷயம். ஆளைக் கூட்டுவதைவிட, காது எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே அடிப்பது லாபம்.

கொகாலு அதைத்தான் செய்கிறது. நாகசுரத்தின் தங்கை என்று சொல்லலாம்: வாயருகே ஒடுங்கி, கீழே போகப்போக அகலும் மரக்குழல். நுனியில் இரட்டை நாக்கு. நாம் சீவாளி என்கிறோமே, அந்த இனம். இரண்டு மெல்லிய பட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. உதடு கவ்வி ஊதும்போது காற்று அந்த இடுக்கில் வேகமெடுக்க, உள்ளே அழுத்தம் குறைந்து பட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. காற்று நின்றதும் பிரிகின்றன. மறுபடி ஒட்டுகின்றன. நொடிக்குப் பல நூறு தடவை இந்தக் கதவு திறந்து மூடுகிறது. குழலுக்குள் போவது சீரான காற்று இல்லை, துண்டு துண்டாக நறுக்கிய காற்று. இப்படிக் கூர்மையாக நறுக்கப்பட்ட ஒலியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேற்சுரங்கள் வரிசையாக ஏறி நிற்கும். கூம்பு வடிவக் குழல் அந்த மடங்குகளில் எதையும் விடாமல் வளர்த்து வெளியே அனுப்புகிறது.

இப்போது நம் காதைப் பாருங்கள். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் மூடிய குழாய். அந்த நீளத்துக்குரிய இயல்பான அதிர்வு நொடிக்கு 3000 சுற்றுகளை ஒட்டி வரும். அந்த இடத்தில் வரும் ஒலியைக் காது தானே கொஞ்சம் பெருக்கிக்கொள்கிறது. கைக்குழந்தையின் அழுகையில் நம்மை எழுப்பிவிடும் ஆற்றல் இருப்பதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். கொகாலின் மேற்சுரங்கள் வந்து குவியும் இடமும் இதுவே. மொரோக்கோவின் ரைத்தா, துருக்கியின் சுர்னா, நம் நாகசுரம், நீலகிரிக் கோத்தரின் கொள் என்று திறந்த வெளியில் வாசிக்கும் சமூகங்கள் பலவும் கூம்புக் குழலையும் இரட்டை நாக்கையும் கையில் எடுத்திருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு வித்தை உண்டு. கொகால்காரர் மூச்சு வாங்க நிறுத்துவதே தெரியாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைப் பிதுக்கி ஊதிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒரு வாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்துப் பாருங்கள், சூட்சுமம் பிடிபடும். சட்டை நனைவதற்கு நான் பொறுப்பில்லை.

இனி எட்டும் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபெல் தரும் கருவி ஒரு கிலோமீட்டரில் 40 டெசிபெல்லாகத் தேய்ந்திருக்கும்; அமைதியான நூலகத்தின் முணுமுணுப்பு அளவு. பகலில் அது கேட்காது. வெயிலில் தரை சுட்டு, தரையை ஒட்டிய காற்றும் சூடாகிறது. சூடான காற்றில் ஒலி வேகம் அதிகம், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம். அடிப்பாகம் முந்தி ஓட, மேல்பாகம் பின்தங்க, ஒலியலை வானத்தை நோக்கி வளைந்துவிடும். இரவில் எல்லாம் தலைகீழ். தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு. இப்போது மேல்பாகம் முந்தி ஓடி, ஒலி மறுபடி தரைக்கு வளைந்து இறங்குகிறது. மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர்களில், அடுத்த ஊரின் மேளம் நடுச்சாமத்தில் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் கேட்பது இதனால்தான். பகலில் வாசித்தால் ஊருக்கு. இரவில் வாசித்தால் மூன்று ஊருக்கு.

மலை இரவுக்கு ஒரு குறையும் உண்டு. ஈரம். தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்தால் பொறையின் குரல் இறங்கிவிடும். தோலின் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே அதிர்வெண் அமையும் என்பதால், இழுவிசையில் 19 சதவீதம் போனால் சுரத்தில் 10 சதவீதம் போகும். கர்நாடக இசைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு சுரத்தானம். ஆகவே தோல்கருவிக்காரர்கள் நெருப்பைத் தேடுவார்கள். நம் ஊர்ப் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. தோலின் ஈரத்தை ஓட்டுவது அங்கே சுருதி சேர்ப்பது.

தோல்கருவிகளைப் பற்றிப் பேசும்போது சர் சி.வி. ராமனை விட்டுவிட்டுப் போக முடியாது. வெறும் வட்டத் தோலின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் வரும். முழு எண் மடங்கு கிடையாது. அதனால்தான் சாதாரண முரசில் 'தும்' என்ற ஓசை கேட்கும், 'ச' என்ற சுரம் கேட்காது. மிருதங்கத் தோலின் நடுவே பூசிய கரும்பூச்சான கரணை அந்த விகிதங்களை முழு எண்களுக்கு இழுத்துவந்து, தோலையே கம்பிபோல் பாடவைக்கிறது என்று ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பில் சொன்னார், 1934-இல் விரித்து எழுதினார். கரணை இல்லாத கருவிகளை அந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிட்டது. அது ராமன் சொன்னதில்லை. சுரமாகாத ஓசைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கொகாலோ குரலோ எந்தச் சுருதியில் பாடினாலும் அது சண்டை போடாது. அதன் வேலை சுரம் சொல்வது இல்லை, நேரம் சொல்வது.

நேரத்துக்கு வருவோம். என்னை அதிகம் வியக்கவைப்பது இதுதான்.

ஓர் ஓசையைக் கேட்டு விரலை அசைக்க மனிதனுக்குக் குறைந்தது 150 மில்லி வினாடி, அதாவது நொடியில் ஏழில் ஒரு பங்கு, தேவைப்படும். சேர்ந்து வாசிப்பவர்கள் ஒருவர் அடியைக் கேட்டு மற்றவர் அடிப்பதாக இருந்தால் ஒவ்வோர் அடியும் இரட்டையாகக் கேட்கும்; இசை என்று ஒன்றே இருக்காது. 1979-இல் டச்சு ஆய்வாளர் ருடால்ஃப் ராஷ் தேர்ந்த சிறு குழுக்களை அளந்தார். அவர்களுக்குள் இருந்த நேர வேறுபாடு 30 முதல் 50 மில்லி வினாடி. கேட்டுவிட்டுச் செய்வதற்கு ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே யாரும் யாரையும் கேட்டு அடிப்பதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டிக் கணித்து, அது விழும் இடத்தில் தன் அடியைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தாளம் காட்டும் எந்திரத்தின் சீரான டிக்குக்கு ஏற்ப விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் டிக்குக்குச் சில பத்து மில்லி வினாடி முன்னதாகவே தட்டிவிடுவார்கள். முந்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கணிப்பு கொஞ்சம் பிசகும். அடுத்த அடியில் அதைக் கொஞ்சம் திருத்தவேண்டும். முழுவதும் திருத்தினால் எதிராளியும் அதே நேரத்தில் திருத்தியிருப்பார். தெருவில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கித் தடுமாறுவார்களே, அந்தக் கதையாகிவிடும். யார் எவ்வளவு திருத்தவேண்டும்? 2014-இல் ஆலன் விங்கும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு தந்திக்கருவி நால்வர் குழுக்களை ஹைடனின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி இதை அளந்தார்கள். ஒரு குழுவில் முதல் வயலின்காரர் அதிகம் திருத்திக்கொள்ளவில்லை. மற்றவர்கள்தான் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு குழுவில் நால்வரும் ஏறத்தாழச் சமமாக விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு குழுக்களும் நன்றாகவே வாசித்தன. எந்தக் குழுவில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை எந்த இசைக்குறிப்பும் எழுதிவைப்பதில்லை. கூட இருந்து வாசித்தே அது படிகிறது. நீண்ட காலக் குழுவில் ஒருவர் போய் அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்தாலும் கொஞ்ச நாளைக்கு ஏதோ இடறுவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஜால்ராவுக்கு ஓர் இடம் தரவேண்டும். நம் பேச்சில் 'ஜால்ரா' வசவுச் சொல்லாகிவிட்டது. உண்மையில் குழுவின் கடிகாரம் அதுதான். வெண்கலத் தட்டில் ஓசை பிறக்கும் கணம் மிகக் கூர்மையானது. பொறையின் 'தும்' எழுந்து நிமிர்வதற்குள் ஜால்ராவின் 'ஜிங்' வந்து நின்றிருக்கும். நேரத்தைத் துல்லியமாகக் காட்ட அதைவிடத் தோதான கருவி அந்தக் குழுவில் இல்லை. ஜால்ரா யாருக்கும் ஒத்து ஊதுவதில்லை, மற்றவர்கள்தான் அதற்கு ஒத்துப்போகிறார்கள்.

சின்னக் குழுவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லி வினாடி. தோளோடு தோள் நிற்கும் நாலு பேருக்கு அது பொருட்டே இல்லை. முப்பது மீட்டர் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளின் அடி கிட்டத்தட்ட 90 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அவர்கள் காதை விட்டுக் கண்ணை நம்பவேண்டும். வாத்தியக்காரர்களை நடுவில் விட்டு ஆடுபவர்கள் வட்டம் போட்டால் எல்லாருக்கும் தூரம் சமம்.

அட்டப்பாடிக்கு வடக்கே நீலகிரியில் கோத்தர்களின் இசையை ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப், கொள்ளின் மெட்டும் பறைகளின் தாளமும் ஒவ்வோர் அடியிலும் பூட்டிக்கொண்டு போவதில்லை என்று கவனித்தார். மெட்டு தன்போக்கில் நீண்டு சுருங்கி அலைந்து, சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தாளத்தோடு வந்து சேரும். அந்த இடங்களை நங்கூரங்கள் என்ற பொருளில் அவர் பெயரிட்டார். 2005-இல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்தே அதுதான். படகு அலையில் ஆடலாம், நங்கூரம் பிடித்திருந்தால் போதும்.

இந்தச் சேர்ந்தியங்கும் திறமை மேடைக்காக உண்டானதில்லை. அட்டப்பாடியில் கம்பளம் என்று ஒரு விதைப்புச் சடங்கு உண்டு. ராகியும் சாமையும் விதைக்கும் நிலத்தில் ஊரே கூடி மேளத்தின் தாளத்துக்குக் கொத்தி விதைக்கும். சாவு வீட்டிலும் மேளமும் ஆட்டமும் உண்டு. அழுகையும் ஆட்டமும் ஒரே முற்றத்தில் நடக்கும். 2015-இல் பிரேசிலில் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒத்திசைந்து ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு உயர்ந்தது, கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. உடலை வருத்தி ஆடியதன் பயன் தனி, ஒத்து ஆடியதன் பயன் தனி என்று பிரித்தே காட்டினார்கள். மண்வெட்டி பிடித்தவனுக்கும் துக்கத்தில் இருப்பவளுக்கும் அது தெரிந்த செய்திதான், கட்டுரையாக எழுதவில்லை.

இப்படி ஊருக்குள் வளர்ந்த இசையை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அட்டப்பாடிக் கலைஞர் பழனிசாமி. ஆசாத் என்ற பெயரோடு அவர் நடத்திய கலைக்குழுவில் பல ஆண்டுகள் பாடிவந்தவர் நஞ்சியம்மா. நக்குப்பதி ஊர்க்காரர், ஆடுமாடு மேய்த்தவர். 2020 பிப்ரவரியில் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாடவைத்தார். இசை ஜேக்ஸ் பிஜாய். பாட்டு எல்லை தாண்டி ஓடியது. அதே ஆண்டு ஜூனில் சச்சி இறந்துபோனார். 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, சிறந்த இயக்குநர் விருது மறைந்த சச்சிக்கு அறிவிக்கப்பட்டது. விருதை வழங்கியவர் நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு.

கூடவே ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. சுருதி கொடுத்தால் அதற்கு ஏற்பப் பாடத் தெரியாதவருக்குச் சிறந்த பாடகி விருதா என்று இசைத்துறைக்காரர் ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார். வேறு பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். விவாதம் உணர்ச்சியில் ஓடி முடிந்துவிட்டது. நான் கேட்க விரும்புவது அதிலுள்ள அறிவியல் கேள்வியை. சுருதி கொடுப்பது எது? இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கீபோர்டு. அதில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டியிருக்கிறார்கள், துண்டுக்கு நூறு சென்ட். இயற்கையான மேற்சுரங்களில் பிறக்கும் காந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரம் 400-இல். பதினான்கு சென்ட் பிசகு. தம்பூராவில் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காது அந்தப் பிசகை உணரும். எல்லாச் சுருதியிலும் ஒரே கருவியை வாசிக்கும் வசதிக்காக உலகம் ஒப்புக்கொண்ட சமரசம் அது. அந்தச் சமரசத்தைப் பயின்றவர்கள் அதற்கேற்பப் பாடுகிறார்கள். கொகாலும் சக பாடகியின் குரலும் தந்த சுருதியில் வாழ்நாள் முழுதும் பாடியவர், அந்தச் சுருதியில் பிசகாமல் பாடுகிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே ஆளில்லாத கண்ணாடி அறையில், திருத்திக்கொள்ளத் தெரியாத ஓர் எந்திர டிக்குக்குப் பாடுவது ஒரு திறமை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தனியாள் திறமை. நாலு பேருக்கு நடுவே இருந்து, விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுக்கப்பட்டுப் பாடுவதை அளக்க அந்த அறையில் கருவியே இல்லை.

மொரோக்கோவின் ஜாஜூக்கா கிராமத்துக்கும் ஏறத்தாழ இதே அனுபவம் உண்டு. ரைத்தாவும் முரசுமாகத் தலைமுறைகளாக வாசித்துவந்த அந்தக் கலைஞர்களை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1968-இல் பதிவு செய்தார். அவர் இறந்த பிறகு 1971-இல் வெளிவந்த தட்டில், அந்த ஒலிகளை மின்னணு உத்திகளால் குழைத்திருந்தார். உலகம் வியந்தது. அந்தக் கிராமத்து இரவின் குளிர்ந்த காற்று தட்டில் ஏறியிருக்காது.

அட்டப்பாடிக்குத் தெற்கே, இடுக்கி மலையில், சேர்ந்து பாடும் இசைக்கு இன்னொரு வகை நீண்ட ஆயுள். கோவில்மலையின் மன்னான் மக்கள் இன்றும் தங்கள் அரசனை வைத்திருக்கிறார்கள். காலாவூட்டு விழாவில் அவர்கள் ஆடும் கூத்து கோவலன் கண்ணகி கதை. பாட்டு தமிழ், ஓலையும் இல்லை, அச்சும் இல்லை. தாளம், மெட்டு, அடுத்து நிற்பவனின் அசைவு என்று ஒன்றோடொன்று கோத்துவைத்த நினைவு அது. ஒரு கண்ணி மறந்தால் மற்றது இழுத்துக்கொண்டு வந்துவிடும். தனியே உட்காரவைத்துப் பாட்டைச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறவர், மத்தளம் ஒலித்ததும் தடையில்லாமல் பாடுவதை நாட்டார் பாடல் சேகரிக்கப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாட்டு அவர் ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை.

இருளர் பாடல்களைக் கவிஞர் லட்சுமணன் தொகுத்தபோது நூலுக்குச் 'சப்பெ கொகாலு' என்று பெயர் வைத்தார். அச்சில் வார்த்தைகள் வந்துவிட்டன. அடுத்த அடி எப்போது விழும் என்பதை அச்சடிக்க வழியில்லை. அதற்குச் சாயங்காலம் ஆகவேண்டும், நெருப்பு மூட்டவேண்டும். பொறைக்காரர் தோலைக் காய்ச்சி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். போதாது, மறுபடி நெருப்புக்குக் காட்டுவார். கொகால்காரர் நாக்குப் பட்டையை வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டிருப்பார், ஆகவே பேசமாட்டார். தரை குளிர்ந்து, காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதற்குள் இவர்கள் தயாராகிவிடவேண்டும்.